பட்டம் முன்னே, மண்டபம் பின்னே

முதலில் கட்டடம் எழும், பின்னர் மாணவர் வருவர், கடைசியில் பட்டம் கிடைக்கும் என்பதே பல்கலைக்கழகங்களைப் பற்றி நம்மிற் பலரும் கொண்டிருக்கும் எண்ணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் முதற் கலைமாணித் தேர்வு நடந்தது 1857இல். பட்டமளிப்புக்கென்றே அது எழுப்பிய செனட் மண்டபத்தின் கட்டட வேலை தொடங்கியதோ 1874 ஏப்ரலில், நிறைவடைந்தது 1879இல். பட்டத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிடக்கின்றன.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்த முதற் தேர்வில் தேறிய இருவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள் அல்லர். தஞ்சாவூரோ மதுரையோ அவர்களின் ஊரல்ல. இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் சுதுமலையைச் சேர்ந்த கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. முன்னவர் ஆசிரியர், பின்னவர் அவரிடம் பயின்ற மாணவர் என்பதும், ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்வில் ஒன்றாகத் தேறினர் என்பதும் கூடுதற் சுவை.

இந்த விவரங்கள் ஈழத்து இலக்கிய வரலாற்று நூல்களைப் புரட்டியவர்களுக்குப் புதியவை அல்ல. எனக்கும் பேராதனையிற் கலைமாணிப் பட்டத்துக்குப் படித்த நாட்களிலேயே அறிமுகமானவைதான். ஆனால் நூலில் வாசித்த ஒரு செய்தி, அது தொடர்பான கட்டடத்தின் முன்னால் நிற்கும்போது வேறு விதமாக விளங்குகிறது.

அண்மையில் ஒரு திருமண அழைப்பின் பேரில் சென்னைக்குச் சென்றிருந்தேன். திருவல்லிக்கேணியில் ஒரு சிறு விடுதியில் தங்கல். அதிகாலையில் எழுந்து, வாலாஜா சாலை வழியே மெரினாவை நோக்கி நடந்தேன். கிழக்குப் பார்த்த கடற்கரை ஆகையால் காலை வெயில் நேரே கடலிலிருந்து வந்து கட்டடங்களின் முகத்தில் விழுகிறது. படம் எடுப்பவர்களுக்கு அது ஒரு மணி நேர வரம். அதன் பின்னர் வெளிச்சம் வெளிறிப் போகும், வாகனங்களும் பெருகிவிடும்.

சிவப்புச் செங்கல், நான்கு மூலைகளிலும் நான்கு கோபுரங்கள், அவற்றின் தலையில் வெங்காய வடிவில் உப்பிய குவிமாடங்கள், செதுக்கு வேலை நிறைந்த கற்றூண்கள், வண்ணக் கண்ணாடி பதித்த சாளரங்கள். இந்துக் கோயில் தூணும், இசுலாமியக் குவிமாடமும், பைசாந்தியப் பாணியின் சாயலும் ஒரே கூரையின் கீழ் வந்து நிற்கின்றன. முன்னால் விக்டோரியா மகாராணியின் சிலை. உள்ளே செல்லும் கதவு அன்று சாத்தியிருந்தது. வெளியே நின்று எடுக்கக் கூடிய கோணங்களில் எல்லாம் எடுத்தேன். கோபுரத்தின் மேல் இரண்டு மூன்று பருந்துகள் வட்டமிட்டன. அவை விலகும்வரை காத்திராமல் அவற்றையும் சேர்த்தே எடுத்தேன்.

இக்கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் என்ற ஆங்கிலேயர். 1864இல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் மண்டபத்துக்கும் வரைபடம் கேட்டுச் சென்னை அரசு போட்டி வைத்தபோது, அப்போது இருபதுகளில் இருந்த இந்த இளைஞரின் வரைபடங்களே தேர்வாயின. மறு ஆண்டு சென்னைக்கு வந்தவர் பின்னர் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராக உயர்ந்தார். சென்னையின் தலைமை அஞ்சலகமும், திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகமும் அவருடைய கைவண்ணமே. இந்தோ சரசனிக் என்று இன்று பெயர் சொல்லப்படும் கலப்புப் பாணி சென்னையில் வேரூன்றியது அவரால்தான் எனலாம்.

அந்தப் பாணிக்கு அவர் பாடம் படித்த இடம் வெகு தொலைவில் இல்லை. வாலாஜா சாலைக்கு அப்பால் நிற்கும் சேப்பாக்கம் அரண்மனையே அது. 1768இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது. 1855இல் அக்காலத்து நவாப் ஆண் வாரிசின்றி மறைந்ததும் நவாபுப் பட்டத்தை ஆங்கிலேயர் இல்லாமற் செய்தனர். அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசே அதை வாங்கிக்கொண்டது. அதன் இரு பகுதிகளையும் இணைத்து உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பும் வேலையும் சிஷோமுக்கே கிடைத்தது. நவாபின் வீட்டைக் கைப்பற்றிய பின்னர் நவாபின் பாணியில் பல்கலைக்கழக மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். ஆளுகை கைமாறியதை மக்களுக்கு உறுத்தாமற் சொல்வதற்கு இதைவிட நல்ல வழி ஆங்கிலேயருக்குக் கிடைத்திராது. சாலைக்கு மட்டும் வாலாஜாவின் பெயர் மிஞ்சியிருக்கிறது.

தேர்வு மட்டும் நடத்திய பல்கலைக்கழகம்

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகம் தனக்கென்று ஒரு மண்டபம் இல்லாமல் எப்படி இயங்கியது? இந்தக் கேள்விக்கு விடை, அன்றைய பல்கலைக்கழகத்தின் இயல்பில் இருக்கிறது.

1854இல் சார்ள்ஸ் வூட் இந்தியக் கல்வி பற்றி அனுப்பிய அறிக்கையின் விளைவாக, 1857இல் மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டெம்பர் 5ஆம் திகதி சென்னை. வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து டில்லி போர்க்களமாகியிருந்த அதே ஆண்டு அது. மூன்றுக்கும் முன்மாதிரி அன்றைய இலண்டன் பல்கலைக்கழகம். அங்கே விரிவுரை இல்லை, விடுதி இல்லை. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும், தேறினால் பட்டம் தரும். பதிவாளரும், சில அலுவலர்களும், ஆண்டுக்கொரு முறை கூடுவதற்கு ஒரு பெரிய கூடமும் இருந்தாற் போதும். அந்தக் கூடத்தையும் சென்னைப் பல்கலைக்கழகம் இரவல்தான் வாங்கியது. அரசினர் தோட்டத்திலிருந்த ஆளுநரின் விருந்து மண்டபத்திலேயே பட்டமளிப்பு விழாக்கள் நடந்தன. பின்னாளில் ராஜாஜி மண்டபம் எனப் பெயர் பெற்று, அண்ணாவிலிருந்து கலைஞர்வரை தலைவர்களின் உடல்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டதால் தமிழர் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட அதே மண்டபம்தான்.

ஆகவே தாமோதரம்பிள்ளைக்கும் விசுவநாதபிள்ளைக்கும் கல்வி தந்தது சென்னைப் பல்கலைக்கழகம் அன்று. அது அவர்களின் கல்வியை அளந்து சான்று மட்டும் கொடுத்தது. கல்வி தந்த இடம் வட்டுக்கோட்டை.

1823இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே தொடங்கிய செமினறி, ஆசியாவின் இப்பகுதியில் உயர்கல்வி தந்த மிகப் பழைய நிறுவனங்களுள் ஒன்று. கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் எல்லாம் அங்கே பாடங்கள். கறல் விசுவநாதபிள்ளை அங்கு பயின்று அங்கேயே கணிதம் கற்பித்தவர். பீசகணிதத்தைத் தமிழில் நூலாக எழுதியவர். 1832இற் பிறந்த தாமோதரம்பிள்ளை அங்கு பயின்றுவிட்டுக் கோப்பாயில் ஆசிரியராக இருந்தார். 1855இல் செமினறி மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதன் பழைய மாணவர் இருவர் கடல் கடந்து போய் இன்னொரு பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். மூடிய கல்லூரியின் புகழைத் திறந்த பல்கலைக்கழகம் எழுதிக்கொண்டது என்று சொல்வது மிகையாகாது.

தாமோதரம்பிள்ளையைச் சென்னைக்கு அழைத்தது எது தெரியுமா? பத்திரிகை. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய பேர்சிவல் பாதிரியார் சென்னைக்குச் சென்று ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ் இதழை நடத்திவந்தார். அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்கும்படி தாமோதரம்பிள்ளையை அழைத்தார். தென்னிந்தியாவின் முதற் பட்டதாரி ஒரு பத்திரிகையாசிரியர் என்பது, இத்தனை ஆண்டுகள் செய்தி மேசையில் கண் கெட்டவனுக்குச் சிறிது ஆறுதல் தரும் செய்தி. கல்கத்தாவிலும் இதற்கொப்பான ஒன்று நடந்தது. அங்கே 1858இல் முதற் பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாய. அவரும் பின்னாளில் ‘பங்கதர்சன்’ என்ற இதழை நடத்தினார். வங்க நாவலின் தந்தை எனப்பட்டார். ஆங்கிலப் பட்டம் பெற்ற முதலாமவர்கள் தத்தம் தாய்மொழியிடம் திரும்பியது இரண்டு இடங்களிலும் நிகழ்ந்திருக்கிறது.

தாமோதரம்பிள்ளை திரும்பியது ஏட்டுச் சுவடிகளிடம். கணக்குத் துறையில் அரச உத்தியோகம், 1871இல் சட்டப் பட்டம், பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி எனப் பிழைப்பு ஒரு பக்கம் ஓடியது. மறு பக்கம் 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன், 1881இல் வீரசோழியம், 1885இல் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன், 1887இல் கலித்தொகை என அச்சேறிக்கொண்டே இருந்தன. எடுக்கும்போதே ஒடிந்து உதிரும் ஏடுகளைப் பற்றி அவர் தம் பதிப்புரைகளில் எழுதியிருப்பதை வாசிப்பவர்கள் கண் கலங்காமல் இருக்க முடியாது. அவர் பதிப்பித்திராவிட்டால் அவற்றுட் சில நமக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். கலித்தொகை வெளிவந்த அதே 1887இல்தான் உ. வே. சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும் வந்தது. ஐயரவர்களுக்கு மாநிலக் கல்லூரியில், கடலைப் பார்த்தபடி, சிலை இருக்கிறது. பிள்ளையவர்களைத் தேடி அந்தக் கடற்கரையில் நடப்பவர், செனட் மண்டபத்தின் முன் நின்று மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

படத்தில் இல்லாதவர்கள்

எடுத்த படங்களில் நல்லதாகத் தோன்றிய ஒன்றை அன்றிரவே வட்ஸ்அப்பில் சிலருக்கு அனுப்பினேன். உயர்தர வகுப்பில் எனக்கு வரலாறு கற்பித்த ஆசிரியர் ஒருவர் மருதமுனையில் இருக்கிறார். எண்பதை எட்டும் வயது. குரற் பதிவாகப் பதில் வந்தது.

“படம் நல்ல வடிவா இரிக்கி தம்பி. ஆனா ஆக்கள் ஒருத்தரையும் காணல்லியே. இதக் கட்டினவங்க ஆரு, இதுக்குள்ள போனவங்க ஆரு? அதையும் எழுதுங்க.”

சேர் கேட்டது சரியான கேள்வி. கட்டடத்தைப் படம் எடுக்கிறவர்கள் ஆட்கள் விலகும்வரை காத்திருந்து எடுப்பது வழக்கம். பழைய அஞ்சலட்டைகளிலும் அப்படித்தான்; குவிமாடம் இருக்கும், வானம் இருக்கும், மனிதர் இருக்கமாட்டார்.

கட்டியவர்களைப் பற்றிச் சொல்வதானால் ஆண்டுகளை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். 1874 முதல் 1879 வரை. அந்த ஐந்தாண்டுகளின் நடுவில்தான் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழகத்துக் கிராமங்களில் இன்றும் பெயர் சொல்லப்படுவது அது. மழை பொய்த்தது மட்டும் காரணமன்று. பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறியது; விலை எட்டாத உயரத்துக்குப் போனது. நிவாரண வேலைத்தளங்களிற் கூலியைக் குறைக்க வேண்டும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். வேலை செய்யும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்றார். அது உயிரைக் காக்கப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் வாதாடினார். தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு.

சேப்பாக்கத்தின் பின்புறமாக ஓடும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. ஒரு பக்கம் வண்ணக் கண்ணாடியும் செதுக்குத் தூணுமாக மண்டபம் உயர்ந்துகொண்டிருந்தது. சற்றே தள்ளி எலும்பும் தோலுமான மனிதர் ஒரு வேளைக் கஞ்சிக்காக மண் சுமந்தனர். இவை இரண்டும் ஒரே அரசின், ஒரே ஆண்டுகளின் வேலைகள்.

புகைப்படத்தின் வரலாற்றிலும் அந்தப் பஞ்சத்துக்கு ஓர் இடம் உண்டு, நல்ல இடமன்று. வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி பஞ்சத்தில் வாடியவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கமராவுக்கு முன் இருத்திப் படம் எடுத்தார். ஆடை விலகிய விலா எலும்புகள், தாயின் மடியில் குழந்தைகள். இன்றுவரை கடும் கண்டனத்துக்கு ஆளாகும் படங்கள் அவை. ஆனாலும் அவை இல்லையென்றால் அந்த முகங்களில் ஒன்றுகூட நமக்கு எஞ்சியிராது என்பதும் உண்மை. கட்டடங்களை ஆளில்லாமலும், பஞ்சப்பட்டவர்களைப் பெயரில்லாமலும் படம் எடுத்த காலம் அது.

பஞ்சத்தின் அலை எங்கள் தீவிலும் வந்து மோதியது. 1877இல் மாத்திரம் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான தமிழர் மன்னார் வழியாக இலங்கைக்கு வந்து, கோப்பித் தோட்டங்களை நோக்கிக் காட்டு வழியே நடந்தனர். மலையகத் தமிழர் பலரின் குடும்ப வரலாறு அந்த நடையிலேதான் தொடங்குகிறது. 1948இல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்ட கதை நாம் அறிந்ததே. இருபது ஆண்டுகள் முன்னர் இரண்டு யாழ்ப்பாணத்தவர் பட்டத்துக்காகக் கடந்த அதே நீரிணையை, மறு திசையில், இவர்கள் சோற்றுக்காகக் கடந்தனர். எங்கள் இரு கரைகளுக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதற் பயணத்தையே பெரிதும் பேசுகிறோம்.

காரைதீவிலிருந்து ஒருவர்

நான் பிறந்த சொறிக்கல்முனை, கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கிக்கு அப்பால், வயல் வட்டைகளுக்கு நடுவில் கிடக்கும் ஊர். மாரியில் வெள்ளம் ஏறினால் கிட்டங்கித் தாம்போதியைத் தண்ணீர் மூடிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோணியை நம்ப வேண்டியிருக்கும். திருச்சிலுவை ஆலயத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரம் கூடும். வாரச் சாமான்களுக்குக் கல்முனைச் சந்தை. சாறனுக்கும் கைத்தறித் துணிக்கும் மருதமுனை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தமிழைப் பேசிக்கொண்டு, வாங்கியும் விற்றும், சில ஆண்டுகள் பகைத்தும், மீண்டும் கதைத்தும் வாழும் கரை.

இந்தக் கரையிலிருந்து நின்று பார்க்கும்போது 1857ஆம் ஆண்டுச் சாதனை ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. ஏன் யாழ்ப்பாணம்? மட்டக்களப்புக்கும் மிஷனரி வந்தவர்தான். மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814இலேயே மட்டக்களப்பில் வந்திறங்கிப் பள்ளிகளைத் தொடங்கினார். மறு ஆண்டே நோயில் இறந்துபோனார். பள்ளிகள் நிலைத்தன. ஆனால் வட்டுக்கோட்டையைப் போன்ற ஓர் உயர்கல்வி நிலையம் கிழக்கில் எழவில்லை. அமெரிக்க மிஷனின் பணமும் ஆட்களும் குடாநாட்டிலேயே குவிந்திருந்தனர். பட்டம் என்பது தனி மனிதரின் திறமையால் மட்டும் விளைவதன்று; அவருக்கு முன்னால் முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரு நல்ல பள்ளிக்கூடம் நின்றிருக்க வேண்டும். எங்கள் கரைக்கு அந்த முப்பது ஆண்டுகள் பிந்தித்தான் வந்தன.

வந்தபோது காரைதீவில் ஒருவர் பிறந்திருந்தார். 1892இற் பிறந்த மயில்வாகனன் கல்முனை மெதடிஸ்தப் பள்ளியிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வு. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணிப் பட்டம். அதுவும் தேர்வெழுதிப் பெற்ற பட்டம்தான். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காமலே பட்டம் பெறும் வழி அப்போதும் எங்களவர்க்கு வழியாக இருந்தது. 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார்.

செனட் மண்டபத்திலிருந்து மெரினா வழியே தெற்கே நடந்தால் ஐஸ் ஹவுஸ் எனப்பட்ட விவேகானந்தர் இல்லம் வருகிறது. சென்னையில் இராமகிருஷ்ண மடத்தின் பணி 1897இல் அங்கேதான் தொடங்கியது. பின்னர் மயிலாப்பூரில் நிலைகொண்ட அந்த மடத்திலிருந்து அடிகளார் தமிழுலகெங்கும் சென்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1936இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாக 1938இல் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன. விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க முடியுமா என்று பலர் ஐயுற்ற காலத்தில், விஞ்ஞானப் பட்டமும் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றிருந்தவர் அதற்குத் தலைமை ஏற்றது பொருத்தமே. இடைப்பட்ட 1937இல், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சென்னைச் சட்டசபை ஜூலை முதல் டிசெம்பர் வரை செனட் மண்டபத்திலேயே கூடியது என்பதும் குறிப்பிடத்தக்கது. ராஜாஜி முதல்வராக முதன்முறை அமர்ந்ததும், தமிழகத்தின் மொழி அரசியல் சூடேறத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக விபுலாநந்தர் கொழும்புக்கு வந்தார். 1947 ஜூனில் அவருடைய ‘யாழ்நூல்’ திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. மறு மாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார். தாமோதரம்பிள்ளை ஏட்டுச் சுவடிகளை மீட்டார். விபுலாநந்தர் மறைந்துபோன ஓர் இசைக் கருவியை நூல்களின் துணைகொண்டு மீட்டார். ஒருவர் வடக்கு, மற்றவர் கிழக்கு. இருவரின் வேலையும் ஒன்றுதான்: இல்லாமற் போவதைத் தடுப்பது.

எங்கள் கட்டடங்கள்

செனட் மண்டபமும் இல்லாமற் போக இருந்த ஒன்றே. நீண்ட காலப் புறக்கணிப்பிற்குப் பின், பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி 2006-07இல் அதைப் புதுப்பித்தனர். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று. புதுப்பித்ததோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பதைக் கடற்காற்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கம் பல்கலைக்கழகம் வந்தது மிகப் பிந்தி. 1981 ஓகஸ்டில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. நான்கே ஆண்டுகள். 1990இல் போரிலிருந்து உயிர் தப்பி ஓடிய மக்கள் அந்த வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினர் அங்கிருந்து 158 பேரை அழைத்துச் சென்றனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழு ஒன்றின் பதிவிலேயே உள்ள செய்தி இது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த நாளும் செப்டெம்பர் 5. திகதிகள் இப்படிப் பொருந்துவதில் அர்த்தம் எதுவும் இல்லை. ஆயினும் ஒரு பல்கலைக்கழகத்தின் பிறந்தநாளைக் காணும்போது இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து காணாமற் போனவர்களை நினையாதிருக்க எங்கள் கரையைச் சேர்ந்தவர்க்கு முடிவதில்லை.

அந்தப் போர்ச்சூழலில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமற் போன முஸ்லிம் மாணவர்களின் தேவையை முன்வைத்து, எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உதயமாயிற்று. அட்டாளைச்சேனையில் இரவல் இடத்திலே தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைகொண்டது. இதிலும் மாணவர் முன்னே, மண்டபம் பின்னே. சென்னையின் கதை நூற்றி இருபது ஆண்டுகள் கழித்து எங்கள் கரையில் மீண்டும் நடந்தது. துயரத்தின் காரணமாக நடந்தது என்பதே வேறுபாடு. வந்தாறுமூலை, ஒலுவில் என்ற இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்தால், ஒரே தமிழைப் பேசும் இரு சமூகங்கள் எப்படித் தனித்தனி வாசல்களுக்குத் தள்ளப்பட்டன என்ற வரலாறு தானே விளங்கும். இன்று இரண்டு வாசல்களாலும் இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் போய்வருகிறார்கள் என்பது நான் கண்ணாற் கண்டு மகிழ்ந்தது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி மருதமுனையிலிருந்து காரைதீவு, நிந்தவூர் வரை கடல் ஏறி வந்தபோது வீடுகளோடு அலுமாரிகள் போயின. அலுமாரிகளோடு படங்கள் போயின. கரையோரப் பழைய பள்ளிக்கூடம் ஒன்று எப்படி இருந்தது என்று காட்ட, அங்கு படித்தவர்களின் கையில் ஒரு படமும் இல்லை. அதற்கு முன்பே, 1981 ஜூனின் முதல் இரவில் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை நாம் பார்த்தோம். சென்னையின் செனட் மண்டபத்தை நூற்றைம்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். நான் எடுத்த படம் அதற்குத் தேவையே இல்லை. தேவையுள்ள கட்டடங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் படித்து, இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ்கிறவர்களின் பழைய அல்பங்களில் பள்ளி விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்று நிச்சயம் இருக்கும். முன்வரிசையில் அதிபர், பின்னால் மாணவர், அவர்களுக்கும் பின்னால் அந்தப் பழைய கட்டடத்தின் ஒரு தூணும் ஓட்டுக்கூரையும். அதைப் பிரதியெடுத்து, ஆண்டையும் நிற்பவர்களின் பெயர்களையும் எழுதி, அந்தப் பள்ளிக்கே அனுப்பி வையுங்கள். ஊருக்கு விடுமுறையில் வருகிறவர்கள் கையிலிருக்கும் கமராவால் பள்ளிக்கூடத்தையும் ஒருமுறை எடுங்கள்.

எடுக்கும்போது ஆட்கள் விலகும்வரை காத்திருக்க வேண்டாம். கூட்டுகிற அம்மா நின்றால் அவரும் இருக்கட்டும்; மதில் பூசுகிற மேசன் நின்றால் அவரும் இருக்கட்டும். பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.